போர்க்காலத்தில் அரசின் குரல்: வெளியுறவுச் செய்தித் தொடர்பாளர் பணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்கில், பாலாகோட், உக்ரைன், ஆபரேஷன் சிந்தூர் என்று ஒவ்வொரு முறையும் ஓர் அதிகாரி தொலைக்காட்சியில் வந்து தாளைப் பார்த்து வாசித்துவிட்டுப் போவார். உடனே அதே கேள்விகள் கிளம்பும். ஐ.எஃப்.எஸ். எனப்படும் இந்திய வெளியுறவுப் பணிக்குப் படிப்பவர்கள் கேட்பது ஒரு வகை, செய்தி பார்த்துக் கடுப்பானவர்கள் கேட்பது இன்னொரு வகை. இரண்டையும் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். மையம் இந்திய வெளியுறவு அமைச்சகம்தான். ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் பிற நாடுகள் வரும்.

1. டிவியில வந்து பேசுறவர் அமைச்சரோட ஆளா, அரசு அதிகாரியா?

அரசு அதிகாரி. தேர்வெழுதி வெளியுறவுப் பணிக்கு வந்தவர். பெரும்பாலும் இணைச் செயலாளர் நிலையில் இருப்பார். அமைச்சகத்தில் 'எக்ஸ்.பி.' என்று அழைக்கப்படும் வெளி விளம்பரம் மற்றும் மக்கள் ராஜதந்திரப் பிரிவின் தலைவரே அதிகாரபூர்வச் செய்தித் தொடர்பாளரும் ஆவார். அமெரிக்க வெள்ளை மாளிகையின் பத்திரிகைச் செயலாளர் அதிபர் கொண்டுவரும் அரசியல் நியமனம்; அதிபர் போனால் அவரும் போவார். இங்கே அப்படியில்லை. நவ்தேஜ் சர்னா 2002-இல் வாஜ்பாய் ஆட்சியில் பொறுப்பேற்று, மன்மோகன் சிங் ஆட்சியிலும் தொடர்ந்து 2008 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அவர் சொல்வது அவருடைய கருத்து அல்ல, ஆளுங்கட்சியின் கருத்தும் அல்ல. அது இந்திய அரசின் நிலைப்பாடு. நாளைக்கு ஐ.நா.விலும் வேறு நாட்டின் தலைநகரிலும் அதை எடுத்துக்காட்டி, 'நீங்கள்தானே இப்படிச் சொன்னீர்கள்' என்று கேட்பார்கள்.

2. இதுக்கு எந்தப் பரீட்சை எழுதணும்? தமிழ்ல எழுதலாமா?

யு.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் சர்வீசஸ் தேர்வுதான். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். எல்லாவற்றுக்கும் இதே தேர்வு. வெளியுறவுப் பணி வேண்டும் என்று விருப்ப வரிசையில் குறிக்க வேண்டும். பொதுப் பிரிவுக்கு வயது 21 முதல் 32 வரை, ஆறு முறை எழுதலாம். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது, ஒன்பது முறை. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 37 வயது, அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குக் கணக்கில் வருவது 1750 மதிப்பெண், நேர்முகத் தேர்வுக்கு 275, மொத்தம் 2025. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம், நேர்முகத்தையும் தமிழில் சந்திக்கலாம். முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். ஆங்கிலத் தகுதித் தாளிலும் தேறியாக வேண்டும். இடங்கள் மிகக் குறைவு. சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு 55 என்ற அளவைத் தாண்டுவதில்லை.

3. பாஸ் பண்ணின உடனே மைக் பிடிக்கலாமா? எத்தனை வருஷம் ஆகும்?

சுமார் 25 வருடம். நிருபமா ராவ் 1973 அணி, அதாவது அந்த ஆண்டு பணியில் சேர்ந்தவர். 2001-இல்தான் செய்தித் தொடர்பாளர் ஆனார், அந்தப் பொறுப்பின் முதல் பெண். சையது அக்பருதீன் 1985 அணி, 2012-இல் வந்தார். அரிந்தம் பாக்சி 1995 அணி, 2021-இல். ரண்தீர் ஜெய்ஸ்வால் 1998 அணி, 2024 தொடக்கத்தில்.

நடுவில் நடப்பது இது. முசூரியில் அடிப்படைப் பயிற்சி, பிறகு டெல்லியில் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனம். ஒரு வெளிநாட்டு மொழியை ஒதுக்குவார்கள்: அரபு, சீனம், ரஷ்யன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானியம் இப்படி ஏதாவது ஒன்று. அந்த மொழி பேசும் நாட்டுத் தூதரகத்தில் மூன்றாம் செயலாளராகச் சேர்ந்து மொழித் தேர்வில் தேறினால்தான் பணி உறுதி. அதன்பின் இரண்டாம் செயலாளர், முதல் செயலாளர், கவுன்சலர் என்று ஏற வேண்டும். டெல்லிக்கு வரும்போது சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், இயக்குநர். மொத்தப் பணிக்காலமும் மூன்று ஆண்டு வெளியே, சில ஆண்டு உள்ளே என்று மாறி மாறி ஓடும்.

இந்த 25 வருடம் வீண் காத்திருப்பு அல்ல. மேடையில் ஒரு கேள்வி வந்ததும், எந்த வார்த்தையைச் சொன்னால் எந்தத் தலைநகரில் தொலைபேசி அடிக்கும் என்று யோசிக்காமலே தெரிந்திருக்க வேண்டும். அது மனப்பாடத்தில் வராது.

4. போர்னு வந்தா ராணுவம்தானே பேசணும்? வெளியுறவுக்காரங்க எதுக்கு?

இருவரும் பேசுவார்கள், வெவ்வேறு விஷயங்களை. எதை, எப்போது, எப்படித் தாக்கினோம் என்பது ராணுவத்தின் வாய். ஏன் தாக்கினோம், எதைத் தாக்கவில்லை, இதோடு நிற்குமா என்பது வெளியுறவின் வாய். போர் விரிவதும் சுருங்குவதும் இரண்டாவதைப் பொறுத்தது. அதை உன்னிப்பாகக் கேட்பவர்கள் நம் நாட்டுப் பார்வையாளர்கள் அல்ல, எதிர்த்தரப்புத் தளபதிகள்.

1999 கார்கில் போரில் இந்த ஏற்பாடு தினசரிக் காட்சியானது. வெளியுறவுக்கு ராமிந்தர் சிங் ஜஸ்ஸால், தரைப்படைக்குக் கர்னல் பிக்ரம் சிங் (பின்னாளில், 2012-இல், ராணுவத் தலைமைத் தளபதி ஆனவர்), விமானப்படைக்கு ஏர் கமடோர் சுபாஷ் போஜ்வானி. 2016 செப்டம்பர் 29 அன்று ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் லெப்டினன்ட் ஜெனரல் ரண்பீர் சிங் துல்லியத் தாக்குதலை (சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்) அறிவித்தபோது பக்கத்தில் இருந்தவர் செய்தித் தொடர்பாளர் விகாஸ் ஸ்வரூப். 2025 மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூர் பற்றிச் சொல்ல வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரியுடன் கர்னல் சோஃபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் வந்தார்கள். விஷயம் பெரிதானால் செய்தித் தொடர்பாளருக்குப் பதில் வெளியுறவுச் செயலாளரே வருவதும் ஒரு செய்திதான்.

5. ஏன் எழுதி வச்சதையே வாசிக்கிறாங்க? கேள்வி கேட்டா எழுந்து போயிடுறாங்களே?

2019 பிப்ரவரி 26 காலை, பாகிஸ்தானின் பாலாகோட்டில் இருந்த தீவிரவாத முகாம் மீதான தாக்குதலை அறிவித்த வெளியுறவுச் செயலாளர் விஜய் கோகலே சரியாக அப்படித்தான் செய்தார். அந்த அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். 'ராணுவ இலக்குகள் மீதல்லாத, முன்தடுப்பு நடவடிக்கை' என்றார். 'ராணுவ இலக்கு அல்ல' என்றால், பாகிஸ்தான் ராணுவத்தோடு எங்களுக்குப் போர் இல்லை என்று பொருள். 'முன்தடுப்பு' என்றால், இது பழிவாங்கல் அல்ல, வரப்போகும் தாக்குதலைத் தடுத்தோம் என்று பொருள். சட்டரீதியாக நிற்கக்கூடிய வாதம் அதுதான். முகாம் அடர்ந்த காட்டில், குன்றின் மேல், மக்கள் குடியிருப்புக்குத் தொலைவில் இருந்தது என்றார். பொதுமக்கள் சாவு பற்றிய கேள்விக்கு, கேள்வி வருமுன்னே பதில். இத்தனையும் ஒரு பக்கத்துக்குள்.

இப்படிச் செதுக்கிய பிறகு ஒரே ஒரு கேள்விக்கு வாய் தவறி 'பதிலடி' என்று சொல்லிவிட்டால் அந்த ஒரு பக்கமும் வீண். அதனால்தான் முதல் அறிக்கைக்குக் கேள்வி எடுப்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்த அறிக்கையில் இறந்தோர் எண்ணிக்கை கிடையாது. 'மிகப் பெரும் எண்ணிக்கையில்' என்பதோடு நிறுத்தினார். 300 என்ற எண்ணைத் தொலைக்காட்சிகள்தான் ஓடவிட்டன. பிறகு மாதக்கணக்கில் நடந்த சண்டை எல்லாம் அந்த எண்ணைச் சுற்றித்தான்.

6. ஒரு பிரீஃபிங்குக்கு முன்னாடி உள்ளே என்ன நடக்கும்?

காலையில் முதல் வேலை, உள்நாட்டு, வெளிநாட்டுச் செய்திகளின் தொகுப்பைப் படிப்பது. அதிலிருந்து இன்று வரக்கூடிய கேள்விகளைப் பட்டியல் போடுவார்கள். போர்க்காலத்தில் பட்டியல் முப்பதைத் தாண்டினால் ஆச்சரியமில்லை. ஒவ்வொரு கேள்வியும் அந்தந்த நாட்டைப் பார்க்கும் பிரிவுக்குப் போகும். பாகிஸ்தான் என்றால் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் மூன்றையும் சேர்த்துக் கவனிக்கும் பிரிவு, ஐ.நா. என்றால் அதற்கான பிரிவு. 'தற்காப்பு', 'போர்க்கைதி' மாதிரி வார்த்தைகள் வந்தால் சட்டம், உடன்படிக்கைகள் பிரிவு. அவர்கள் எழுதித் தரும் பதிலைச் செய்தித் தொடர்பாளர் பேசக்கூடிய நீளத்துக்கு வெட்டுவார். பிறகு வெளியுறவுச் செயலாளரின் ஒப்புதல், தேவையானால் அமைச்சரின் ஒப்புதல். ராணுவத் தகவல் எதுவாக இருந்தாலும் படைத் தலைமையகம் எழுத்தில் உறுதி செய்யாமல் தாளில் ஏறக் கூடாது.

தாளில் மூன்று வகை இருக்கும். தானாகச் சொல்ல வேண்டியது, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது, கேட்டாலும் சொல்லக் கூடாதது. புதியவர்கள் சறுக்குவது இரண்டாவதில். யாரும் கேட்காத ஒன்றைத் தானே எடுத்துச் சொல்லிவிட்டால் 'இதை ஏன் இவர்களாகவே சொல்கிறார்கள்' என்ற சந்தேகம் முளைக்கும்.

மேடை ஏறும் அதே நேரத்தில் வெளிநாடுகளில் உள்ள நம் தூதர்களுக்கும் அதே வாசகம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். டெல்லியில் ஒரு சொல், வாஷிங்டனில் ஒரு சொல் என்றால் அந்த விரிசலைத்தான் முதலில் பிடிப்பார்கள். முடிந்தபின் கேள்வி-பதில் முழுவதும் எழுத்துப் பிரதியாக இணையதளத்தில் ஏறும். அதுதான் நிரந்தரப் பதிவு.

7. 'கவலை', 'ஆழ்ந்த கவலை', 'கண்டனம்'. இதெல்லாம் ஒண்ணுதானே?

ஏணிப்படி மாதிரி. 'செய்திகளைப் பார்த்தோம்' என்பது தரைமட்டம்: நடந்தது தெரியும், எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 'கவனித்து வருகிறோம்' ஒரு படி மேலே. பிறகு கவலை, ஆழ்ந்த கவலை, வருந்துகிறோம், கண்டிக்கிறோம், ஐயத்துக்கிடமின்றிக் கண்டிக்கிறோம். ஒவ்வொரு படிக்கும் விலை உண்டு. ஏறிவிட்டால் இறங்குவது கடினம்.

உக்ரைன் போரில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 2022 பிப்ரவரி 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியா 'ஆழ்ந்த கலக்கம் அடைந்துள்ளோம்' என்று சொல்லிவிட்டு வாக்களிக்காமல் ஒதுங்கியது. ரஷ்யா என்ற பெயர் கண்டனத்தோடு வரவில்லை. ஏப்ரல் 5 அன்று புச்சா நகரக் கொலைகள் பற்றி நிரந்தரப் பிரதிநிதி டி.எஸ். திருமூர்த்தி 'ஐயத்துக்கிடமின்றிக் கண்டிக்கிறோம்' என்றார், சுதந்திரமான விசாரணைக்கும் ஆதரவு தெரிவித்தார். ஏணியின் உச்சிப் படி. ஆனாலும் கண்டித்தது கொலைகளை. செய்தவர் யார் என்று சொல்லவில்லை. இதைக் கோழைத்தனம் என்பவர்களும் உண்டு, சாமர்த்தியம் என்பவர்களும் உண்டு. அது தற்செயலாக வந்த வாக்கியம் அல்ல என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சந்தேகம் வேண்டாம்.

8. நம்ம பக்கம் இழப்பு வந்தா மறைச்சுடுவாங்களா?

ஒரே மாதிரி நடப்பதில்லை. 2019 பிப்ரவரி 27 அன்று செய்தித் தொடர்பாளர் ரவீஷ் குமார், ஏர் வைஸ் மார்ஷல் ஆர்.ஜி.கே. கபூரோடு வந்து, ஒரு மிக்-21 விமானத்தை இழந்தோம், விமானியைக் காணவில்லை என்று அன்றே சொன்னார். விமானி தங்கள் பிடியில் இருப்பதாகப் பாகிஸ்தான் சொல்கிறது, சரிபார்க்கிறோம் என்றும் சேர்த்தார். பாகிஸ்தான் வெளியிட்ட காட்சிகள் அதற்குள் பரவிவிட்டிருந்தன. ஆனாலும் எதிரி வெளியிட்ட காட்சியை மட்டும் வைத்து அரசு உறுதி செய்யாது. அதே நாளில் பாகிஸ்தான் ராணுவத்தின் பேச்சாளர் ஆசிஃப் கஃபூர் இரண்டு விமானிகள் பிடிபட்டதாகச் சொல்லி, மாலையில் ஒருவர்தான் என்று திருத்த வேண்டி வந்தது. சரிபார்க்காமல் முந்திக்கொண்டதன் விலை.

2025-இல் வேறு வழி. மே 11 அன்று ஏர் மார்ஷல் ஏ.கே. பார்தி, இழப்பு என்பது போரின் ஒரு பகுதி என்றார், விவரம் தரவில்லை. மே 31 அன்று சிங்கப்பூரில் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் விமான இழப்பை ஒப்புக்கொண்டார், எண்ணிக்கை சொல்லவில்லை. சண்டை நடக்கும்போது எண்ணைச் சொன்னால் எதிரிக்குத் தன் ஆயுதம் எவ்வளவு வேலை செய்தது என்ற கணக்கு இலவசமாகக் கிடைக்கும் என்பது நியாயமான காரணம். ஆனால் நடுவில் இருந்த மூன்று வாரத்தில் அந்த இடைவெளியை எதிர்த்தரப்பின் எண் நிரப்பிக்கொண்டது. மௌனத்துக்கும் செலவு உண்டு.

9. மேலே இருந்து பொய் சொல்லச் சொன்னா என்ன பண்றது?

சொல்லாமல் விடலாம், தள்ளிப்போடலாம், 'என்னிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை' எனலாம். நடக்காததை நடந்தது என்பது வேறு சங்கதி. 'கருத்து இல்லை' என்றால் நாளைக்கும் அவர் மேடையேறலாம். பொய் சொல்லிப் பிடிபட்டவர் அதன்பின் சொல்லும் உண்மைக்கும் மதிப்பில்லை.

ஈராக்கின் முகமது சயீத் அல்-சஹாஃப் தூதராகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்து, 2001-இல் தகவல் அமைச்சர் ஆனவர். 2003 ஏப்ரலில் பாக்தாத்தில் அமெரிக்கர்களே இல்லை என்று அவர் செய்தியாளர்களிடம் சொன்னபோது அமெரிக்க டாங்குகள் நகருக்குள் இருந்தன. அவரை இன்று உலகம் நினைப்பது சிரிப்புக்காக மட்டும்.

சிரிக்க முடியாத உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2009 தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருந்த மக்கள் சுமார் 70,000 பேர்தான் என்று இலங்கை அரசு சொன்னது. போர் முடிந்து முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 2,90,000. எண்ணைக் குறைத்துச் சொன்னதால் உள்ளே போன உணவும் மருந்தும் குறைந்தன என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் பதிவு செய்தது. பொதுமக்கள் உயிரிழப்பே கூடாது என்பதுதான் எங்கள் கொள்கை என்ற கொழும்பின் வாசகமும் அதே அறிக்கையோடு உடைந்தது. மேடையில் சொல்லும் எண் வெறும் பேச்சு அல்ல, லாரிகளின் கணக்கு.

இந்திய அதிகாரிக்கு உள்ள வழிகள்: எழுத்தில் ஆட்சேபம் பதிவு செய்யலாம், வேறு பணி கேட்கலாம், ராஜினாமா செய்யலாம். வெளியே போய் உண்மையைப் போட்டு உடைக்க 1961-ஆம் ஆண்டு வெளியுறவுப் பணி நடத்தை விதிகளும், 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டமும் இடம் தராது.

10. பிடிபட்ட விமானியை டிவியில காட்டினா தூதர் என்ன செய்ய முடியும்?

1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, போர்க்கைதியை அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது. 2019-இல், 8-ஆம் கேள்வியில் சொன்ன விமானி அபிநந்தன் வர்த்தமானின் காணொளிகள் வந்ததும் வெளியுறவு அமைச்சகம் எடுத்த ஆயுதம் இதுதான். காயமடைந்த வீரரைக் காட்சிப்பொருள் ஆக்கியதற்குக் கடும் ஆட்சேபம் தெரிவித்தது. 'பத்திரமாகத் திரும்ப வேண்டும்' என்று கேட்டது. பேரம் என்ற தொனி எங்கும் வராமல் பார்த்துக்கொண்டது. மார்ச் 1 இரவு அவர் வாகா வழியாக வந்தார்.

1999 மே 27 அன்று பிடிபட்ட ஃப்ளைட் லெப்டினன்ட் நச்சிகேதாவின் விஷயத்தில் இஸ்லாமாபாத்தில் இருந்த இந்தியத் தூதர் ஜி. பார்த்தசாரதி. ஊடகங்களுக்கு முன்னால் ஒப்படைக்கும் யோசனை வந்தபோது அவர் மறுத்தார். செஞ்சிலுவைச் சங்கம் வழியாகவே விமானி திரும்பினார். கேமரா முன் போய் நின்றிருந்தால், பார்ப்பவருக்கு அது பாகிஸ்தானின் பெருந்தன்மையாகவும் இந்தியத் தூதரின் கைநீட்டலாகவும் தெரிந்திருக்கும். செய்தித் தொடர்பு என்பது சில சமயம் ஒரு அறைக்குள் போகாமல் இருப்பது.

11. கார்கில்ல ஒட்டுக்கேட்ட டேப்பை ஏன் பப்ளிக்கா வெளியிட்டாங்க? அது ரகசியம் இல்லையா?

பெய்ஜிங்கில் இருந்த பாகிஸ்தான் ராணுவத் தளபதி முஷாரஃபும் ராவல்பிண்டியில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் முகமது அஜீஸும் 1999 மே 26, 29 தேதிகளில் பேசிய தொலைபேசி உரையாடல்கள் அவை. ஜூன் 11 அன்று வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் வெளியிட்டார். தேதியைக் கவனியுங்கள்: மறுநாள்தான் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் சர்தாஜ் அஜீஸ் டெல்லி வருவதாக இருந்தார். மலைமேல் இருப்பவர்கள் முஜாகிதீன்கள், எங்கள் ராணுவம் அல்ல என்ற வாதத்தோடு அவர் உட்காரும் முன்பே நாற்காலி இழுக்கப்பட்டது.

விலை என்ன என்றால், ஒட்டுக்கேட்கும் வழி எதிரிக்குத் தெரிந்துவிடும், அது அத்தோடு அடைபடும். உளவுத்துறைக்காரர்கள் இப்படிப்பட்ட வெளியீட்டை விரும்பவே மாட்டார்கள். எடுத்துப் போடலாமா என்று எடை போடுவது செய்தித் தொடர்பாளர் அல்ல, அமைச்சரவை மட்டம். அவருடைய வேலை எப்போது, எந்த வடிவில் என்று ஆலோசனை சொல்வதோடு சரி.

12. போர் வந்தா எதிரி நாட்டுல இருக்கிற நம்ம தூதரைப் பிடிச்சு உள்ளே போட்டுடுவாங்களா?

முடியாது. 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி தூதரைக் கைது செய்யக் கூடாது. போர் மூண்டாலும் அவரும் குடும்பமும் வெளியேற வசதி செய்து தர வேண்டும் (44-ஆம் பிரிவு), தூதரகக் கட்டடத்தையும் ஆவணங்களையும் மதிக்க வேண்டும் (45). உறவே முறிந்தால் மூன்றாவது நாடு ஒன்று பொறுப்பேற்கும். 1971 போருக்குப் பின் இந்தியா, பாகிஸ்தான் இரண்டின் நலன்களையும் சுவிட்சர்லாந்து பார்த்துக்கொண்டது. 1976-இல்தான் தூதரக உறவு திரும்பியது.

பெரும்பாலும் முறிப்பதில்லை, சுருக்குவார்கள். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா தன் தூதர் விஜய் நம்பியாரைத் திரும்ப அழைத்தது. 2025 ஏப்ரலில் இரு நாட்டுத் தூதரகங்களிலும் ஆள் எண்ணிக்கை 55-இலிருந்து 30 ஆனது, ராணுவ ஆலோசகர்களுக்கு ஒரு வாரக் கெடு. கார்கில் போர் நடந்த காலம் முழுவதும் தூதரகங்கள் திறந்தே இருந்தன. அதனால்தான் 10-ஆம் கேள்வியில் சொன்ன நச்சிகேதா விஷயத்தைக் கையாள அங்கே ஓர் ஆள் இருந்தார்.

13. உக்ரைன்ல மாட்டின பிள்ளைங்களுக்கு வந்த அறிவிப்பு முதல்ல குழப்பமா, அப்புறம் அவசரமா இருந்துச்சே, ஏன்?

தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்களின் பெற்றோர் அதிகம் கேட்டது இது. 2022 பிப்ரவரி 15 அன்று வந்த முதல் அறிவிப்பு, அவசியம் இல்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவது பற்றி யோசிக்கலாம் என்றது. 'வெளியேறுங்கள்' என்று ஒரு தூதரகம் சொன்னால் அந்த நாட்டு அரசுக்கு அது நம்பிக்கையின்மை. பல்கலைக்கழகமோ வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. நியாயமான தயக்கம்தான். ஆனால் வருகைப் பதிவு போய்விடுமே என்று பயந்த மாணவனுக்கு 'யோசிக்கலாம்' என்ற சொல் போதவில்லை.

மார்ச் 2 அன்று கார்கிவ் நகருக்கு வந்தது முற்றிலும் வேறு நடை. உடனே கிளம்புங்கள், வண்டி இல்லாவிட்டால் நடந்தே போங்கள், பெசோசின் (11 கிலோமீட்டர்), பாபாயே (12), பெஸ்லியுடோவ்கா (16) ஆகிய இடங்களை உக்ரைன் நேரம் மாலை 6 மணிக்குள் அடையுங்கள். இடம், தூரம், நேரம் மூன்றும் இருக்கின்றன, பெயரடை ஒன்றுகூட இல்லை. அவசர அறிவிப்பு எழுதக் கற்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அடுத்த நாளே இன்னொரு சோதனை. இந்திய மாணவர்களை உக்ரைன் பிணைக்கைதிகளாக வைத்திருக்கிறது என்று ரஷ்யத் தரப்பு சொன்னது. அப்படி எந்தத் தகவலும் எங்களுக்கு வரவில்லை என்றார் அரிந்தம் பாக்சி. 'பொய்' என்று சொல்லவில்லை. மாணவர்களை வெளியே கொண்டுவர இரு படைகளின் தயவும் தேவைப்பட்ட நேரம் அது. உக்ரைனின் சுமி நகரில் சிக்கியிருந்த சுமார் 700 பேர் மார்ச் 8 அன்றுதான் நகரைவிட்டுக் கிளம்ப முடிந்தது.

14. காணாமப் போனவங்க 'உயிரோட இருக்காங்க'ன்னு சொல்லிட்டு, கடைசியில இல்லைன்னா?

இந்தப் பணியின் மிகக் கடினமான இடம். 2014 ஜூனில் ஈராக்கின் மோசூல் அருகே 40 இந்தியத் தொழிலாளர்கள் கடத்தப்பட்டதை அக்பருதீன் அறிவித்தார். தப்பி வந்த ஒருவர் மற்றவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்றார். உறுதியான சான்று இல்லாமல் யாரையும் இறந்தவராக அறிவிக்க மாட்டோம் என்பது அரசின் நிலை. அதோடு, உயிரோடு இருப்பதாகத் தகவல் வருகிறது என்றும் சொல்லிக்கொண்டே வந்தது. 2018 மார்ச் 20 அன்று சுஷ்மா ஸ்வராஜ் மாநிலங்களவையில் 39 பேரின் மரணத்தை உறுதி செய்தார். பல குடும்பங்கள் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டன. அவையில் முதலில் சொல்வது என் கடமை என்றார் அமைச்சர்.

எங்கள் பார்வையில் முதல் பாதி சரி: சடலம் இல்லாமல் சாவை அறிவிக்கக் கூடாது. பிழை இரண்டாவது பாதியில். 'இறந்ததற்குச் சான்று இல்லை' என்பதும் 'உயிரோடு இருக்கிறார்கள்' என்பதும் ஒன்றல்ல. நான்கு ஆண்டு அந்த இரண்டாவது வாக்கியத்தின் மேல்தான் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. அவைக்கு அறிவிக்கும் முன்பே குடும்பங்களுக்குத் தொலைபேசியில் சொல்ல ஏற்பாடு செய்வது நடைமுறையில் முடியாத காரியமும் அல்ல.

15. சண்டை நிறுத்தத்தை மிஸ்ரி சொன்னதுக்கு அவரையே திட்டினாங்களே. முடிவெடுத்தது அவரா?

இல்லை, 1-ஆம் பதில்தான் இதற்கும். 2025 மே 10 அன்று அவர் வாசித்தது சில வரிகள். பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் பிற்பகல் 3.35-க்கு இந்தியத் தரப்பை அழைத்தார், மாலை 5 மணி முதல் நிலம், வான், கடல் மூன்றிலும் சுடுவதையும் ராணுவ நடவடிக்கையையும் நிறுத்த ஒப்புக்கொள்ளப்பட்டது, 12-ஆம் தேதி நண்பகலில் மீண்டும் பேசுவார்கள். அமெரிக்க அதிபர் டிரம்ப் அதற்கு முன்பே சமூக வலைத்தளத்தில் அறிவித்துவிட்டிருந்தார். அதனால் யார் யாரை அழைத்தார்கள் என்பதே அந்த வரிகளின் உயிர்: இரண்டு ராணுவங்களும் நேரடியாகப் பேசி முடித்தார்கள், நடுவில் யாரும் இல்லை என்ற நிலைப்பாடு அதில் இருந்தது. அன்றிரவே மீறல் நடந்ததாக அவர் மறுபடியும் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு நடந்த இணையத் தாக்குதலில் அவர் குடும்பத்தையும் இழுத்தார்கள். எக்ஸ் தளக் கணக்கைப் பூட்டினார். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சங்கங்கள் அவருக்கு ஆதரவாகப் பேசின. இந்தப் பணிக்கு வருபவர்கள் குடும்பத்தினரின் படங்களையும் தொலைபேசி எண்களையும் முன்கூட்டியே பொதுவெளியிலிருந்து எடுத்துவிடுவது இனிக் கட்டாயம் என்றே சொல்லலாம்.

16. சம்பளம் எவ்வளவு? இதுக்கப்புறம் எங்கே போவாங்க?

ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், இணைச் செயலாளர் நிலையில் 1,44,200. வெளிநாட்டில் இருக்கும்போது தனிப்படி உண்டு. செய்தித் தொடர்பாளருக்குப் போர்ப்படி எதுவும் கிடையாது!

அடுத்து பெரும்பாலும் தூதர் பதவி. நிருபமா ராவ் இலங்கை, சீனா என்று போய் வெளியுறவுச் செயலாளர் ஆனார். அக்பருதீன் நியூயார்க்கில் ஐ.நா.வுக்கு, பாக்சி ஜெனீவாவில் ஐ.நா.வுக்கு, கோபால் பாக்லே கொழும்புக்கு, நவ்தேஜ் சர்னா இஸ்ரேல், பிரிட்டன், அமெரிக்கா.

17. தமிழ் தெரிஞ்சா இந்த வேலையில ஏதாவது பிரயோஜனம் உண்டா?

மேடையில் பேசுவது ஆங்கிலமும் இந்தியும்தான். ஆனால் கொழும்பு, யாழ்ப்பாணத் துணைத் தூதரகம், சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய இடங்களில் தமிழ் நேரடிப் பயன். இன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் 1988 முதல் 1990 வரை கொழும்பில் முதல் செயலாளராகவும் இந்திய அமைதிப்படையின் அரசியல் ஆலோசகராகவும் இருந்தவர். நடக்கும் போருக்குள்ளேயே ஒரு இளநிலைத் தூதர் வேலை செய்த இடம் அது.

18. இப்பவே என்ன பழகலாம்?

வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் வாராந்தரச் சந்திப்புகளின் எழுத்துப் பிரதிகள் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து, கேள்வியை மட்டும் படித்து, பதிலை மூடிவையுங்கள். ஐந்து வாக்கியத்துக்குள் உங்கள் பதிலை எழுதுங்கள். எழுதியதில் உள்ள பெயரடைகளை ஒவ்வொன்றாக அடியுங்கள். எண் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் குறியுங்கள். குறிக்க முடியாவிட்டால் எண்ணையும் அடியுங்கள். பிறகு அந்தப் பதிலை எதிரி நாட்டுச் செய்தித்தாளின் தலைப்பாக மாற்றி எழுதிப் பாருங்கள். தலைப்பு உங்களுக்கே உறுத்தினால் எந்தச் சொல் இடம் கொடுத்தது என்று தேடி மாற்றுங்கள். கடைசியாக மூடிவைத்த பதிலைத் திறந்து ஒப்பிடுங்கள். வாரத்துக்கு இரண்டு கேள்வி போதும்.